தீர்மானம் போட்டால் தோட்டம் மனையாகிவிடுமா?

கேள்வி: கொங்குப் பகுதியில் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர் நான். ஊருக்குக் கிழக்கே உள்ள தோட்டங்களை மாஸ்டர் பிளானில் விவசாய உபயோகம் என்று காட்டியிருக்கிறார்கள். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு மூன்று தீர்மானங்கள் வருகின்றன. கிழக்கு வார்டுகள் இரண்டையும் குடியிருப்புப் பகுதியாக அறிவிப்பது ஒன்று. 600 சதுர அடி மனைகளுக்கும் இடம் கொடுப்பது இரண்டு. இட்டேரிகளை (தோட்டங்களுக்கு நடுவே போகும் வேலியிட்ட பாதைகளை) 16 அடி ரோடாக வைத்தே மனை பிரிக்க விடுவது மூன்று. எங்களுக்கும் அங்கே 70 சென்ட் புன்செய் இருக்கிறது. முகப்பு 100 அடி, நீளம் 305 அடி. ஒட்டினாற்போல் கொழுந்தனாருக்கு 30 சென்ட், அதே நீளம். தீர்மானம் நிறைவேறியதும் பிரித்து விற்றுவிடலாம், அப்ரூவல் இல்லாவிட்டாலும் பின்னால் வரன்முறைத் திட்டம் வரும் என்கிறார் ஒரு புரோமோட்டர். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மனை வைத்துக்கொண்டு மீதியை விற்க நினைக்கிறோம். மூன்று தீர்மானங்களுக்கும் கை தூக்கலாமா? எங்கள் நிலத்தை என்ன செய்வது?

பதில்:

அம்மா, முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் நிலமும் அந்த வார்டுகளுக்குள் இருப்பதால் முதல் தீர்மானத்தில் வாக்களிக்காதீர்கள். எனக்கு இந்தப் பகுதியில் நிலம் இருக்கிறது என்று கூட்டத்தில் சொல்லி, அதை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுத வைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். நாளைக்கு உங்கள் மனைப்பிரிவுக் கோப்பு திட்டக் குழுமத்துக்குப் போகும்போது யாராவது ஒரு மனு போட்டால், இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

இனி தீர்மானங்களுக்கு வருவோம். மாஸ்டர் பிளான் இருக்கும் பகுதியில் நில உபயோகத்தை மாற்றும் அதிகாரம் பேரூராட்சி மன்றத்துக்குக் கிடையாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 32(4) பிரிவின்படி திட்டத்தையே திருத்த வேண்டும். கோப்பு உள்ளூர் திட்டக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று போய், பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்டு, அறிவிக்கை வந்த பிறகுதான் வரைபடத்தில் நிறம் மாறும். அந்தக் கோப்பில் உள்ளாட்சியின் கருத்து என்ற இடத்தில் வைக்கும் ஒரு தாள்தான் உங்கள் தீர்மானம். தேவையான தாள், ஆனால் அது மட்டும் போதாது. (மாஸ்டர் பிளானே இல்லாத பகுதியென்றால் பாதை வேறு. அங்கே 47-ஏ பிரிவும் 2017-இல் வந்த நில உபயோக மாற்ற விதிகளும் பேசும். நன்செய்க்கு ஒரு நடைமுறை, புன்செய்க்கு ஒரு நடைமுறை. உங்கள் ஊர் திட்டப் பகுதிக்குள் இருப்பதால் அது உங்களுக்கு வேண்டாம்.)

அதனால் தீர்மானம் பயனற்றது என்று நினைத்துவிடாதீர்கள். எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "கிழக்கு வார்டுகள் 3, 4 முழுவதையும் குடியிருப்பாக மாற்றக் கோருகிறோம்" என்று எழுதி அனுப்பினால், விவரம் கேட்டுக் கோப்பு திரும்பி வரும். வாய்க்கால், ஓடை, மயானம், மேலே போகும் உயர் அழுத்தக் கம்பி, எங்கோ ஒரு மூலையில் கல் குவாரி என்று ஒரு வார்டுக்குள் எல்லாமே இருக்கும். அவற்றையும் சேர்த்து மாற்றச் சொன்னால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார். இணைப்பாக ஒரு பட்டியல் வையுங்கள். புல எண், உட்பிரிவு எண், பரப்பு, நன்செயா புன்செயா, இப்போது என்ன பயிர், அல்லது எத்தனை ஆண்டாகத் தரிசு, ஏற்கெனவே உள்ள வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம், முன்னால் போகும் பாதையின் அகலம் பதிவேட்டில் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசனம் பெறும் புலங்களைத் தனியே பிரித்து, அவற்றை இப்போது கேட்கவில்லை என்று எழுதுங்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசப்போகும் விவசாயிகளின் நியாயமான பயம் அதுதான். மேல்மடையில் மனை போட்டால் வாய்க்கால் சாக்கடையாகும், கடைமடைக்காரர் கெடுவார். அந்தப் புலங்களை விட்டுவிட்டால் மன்றத்தில் பாதிச் சண்டை குறையும், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் வரும் தாமதமும் குறையும். ஊரை ஒட்டித் தரிசாகக் கிடக்கும் புன்செய்களோடு நிறுத்திக்கொண்ட சின்னப் பட்டியல், இரண்டு வார்டை அள்ளிப்போட்ட பெரிய தீர்மானத்தைவிட வேகமாக நகரும்.

இரண்டாவது தீர்மானம், 600 சதுர அடி. இதை நான் எதிர்க்கமாட்டேன், ஆனால் ஒரு நிபந்தனை சேர்ப்பேன். சின்ன மனை வந்தால் ஊர் சேரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் எல்லா மன்றத்திலும் இருப்பார்கள். அது வீடு வாங்க முடியாதவனை வெளியே நிறுத்தும் பேச்சு, அதற்குக் காது கொடுக்க வேண்டாம். 600 சதுர அடியில் உண்மையான சிக்கல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. உங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை இல்லையென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டேங்க், அதன் நீரை வாங்க ஓர் உறிஞ்சு குழி வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 50 அடியாவது இடைவெளி விடுவது நல்லது. 20க்கு 30 மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தாலே 36 அடிதான் வரும். ஆக, தன் மனைக்குள் இருக்கும் குழியிலிருந்தும் தப்ப முடியாது, பக்கத்து வீட்டுக் குழியிலிருந்தும் தப்ப முடியாது.

ஓர் ஏக்கரில் ரோடும் பூங்காவும் போக 600 சதுர அடி மனைகள் 50 வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் தினமும் 20,000 லிட்டர் கழிவுநீர். இரண்டு பெரிய டேங்கர் லாரி. பாறை ஆழம் குறைந்த கொங்கு மண் இதைக் குடிக்காது. முதல் மழைக்காலத்திலேயே குழி நிரம்பித் தெருவுக்கு வரும். அதனால் தீர்மானத்தில் இப்படிச் சேருங்கள்: 1,000 சதுர அடிக்குக் கீழே உள்ள மனைகள் கொண்ட மனைப்பிரிவில் பொதுவான கழிவுநீர்த் தொட்டியும் சுத்திகரிப்பு ஏற்பாடும் மனை பிரிப்பவரே செய்து தர வேண்டும், தனி ஆழ்குழாய் கூடாது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து பொதுக் குழாய் இணைப்பு. மாநில விதிக்கு மேல் மன்றம் சட்டம் போட முடியாதுதான். ஆனாலும் உள்ளாட்சியின் கருத்தாக இது கோப்பில் ஏறினால், அனுமதியில் நிபந்தனையாக வர வாய்ப்பு உண்டு. மன்றம் எழுதாததை யாரும் நிபந்தனையாக்கப் போவதில்லை.

மூன்றாவது தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

மனையின் அளவு சின்னதாகிவிட்டது என்றால் பிறகு இரண்டு மனையை ஒருவரே வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். நில உபயோகத்தை மறுபடி மாற்றலாம். கட்டட விதியை அரசு தளர்த்தலாம், தளர்த்திக்கொண்டும் இருக்கிறது: 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமுமான வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம். ஆனால் இருபுறமும் மதில் எழும்பிவிட்ட 16 அடி ரோட்டை 17 அடியாக்கவும் யாராலும் முடியாது. ஒவ்வொரு மதிலுக்கும் ஒரு பத்திரம், ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு வழக்கு.

16 அடியைத் தரையில் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சாக்கடைக்கு 2 அடி என்றால் 12 மிஞ்சும். ஒரு பக்கம் மின்கம்பம், இன்னொரு பக்கம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் போடும் வாசல் சாய்தளம் என்று குறைந்தது 2 அடி போனால் 10. செங்கல் லாரியின் அகலம் 8 அடிக்கு மேல். ஒரு பைக் நின்றால் லாரி நகராது. தீயணைப்பு வண்டியும் அப்படித்தான். இதே கணக்கை 30 அடிக்குப் போட்டால் 24 அடி ஓடுபாதை கிடைக்கும். எதிரெதிரே இரண்டு வண்டி போகலாம், ஒன்று ஓரமாக நிற்கவும் செய்யலாம். காசுக் கணக்கும் உண்டு. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் தளப்பரப்பு, அதாவது பிரீமியம் எஃப்.எஸ்.ஐ., ரோடு 9 மீட்டர் இருந்தால்தான் தொடங்குகிறது. 9 முதல் 12 மீட்டருக்குள் 30 சதவீதம், 12 முதல் 18-க்குள் 40, 18-க்கு மேல் 50. 16 அடியில் மனை வாங்குகிறவரின் பேரனுக்கும் அந்தக் கதவு திறக்காது.

இட்டேரியில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எல்லா இட்டேரியும் பொதுப்பாதை அல்ல. சில, வருவாய்ப் பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு. சில, பட்டா நிலத்துக்குள் பத்திரத்தில் எழுதிவைத்த தடப்பாத்தியம் மட்டுமே. பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் கிளுவை வேலிதான். தடப்பாத்தியம் என்றால் அது சம்பந்தப்பட்ட தோட்டக்காரர்கள் தங்கள் விவசாயத்துக்குப் போய்வரும் உரிமை. அதை நம்பி 25 வீட்டுக்கு மனைப்பிரிவு போட முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு தடையாணை வாங்கினால் போதும். மூன்றாவது தீர்மானத்துக்குப் பதிலாக, செயல் அலுவலர் கிழக்கு வார்டுகளின் இட்டேரிகள் ஒவ்வொன்றுக்கும் எஃப்.எம்.பி. (புல அளவை வரைபடம்) காட்டும் அகலம், வருவாய்த் துறையின் ஏ-பதிவேட்டில் உள்ள வகைப்பாடு, தரையில் உள்ள அகலம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். புறம்போக்காக இருப்பவற்றில், மனை பிரிப்பவர் தன் பக்க முகப்பில் பாதி அகலத்தைத் தானமாக விட்டு 30 அடியாக்க வேண்டும் என்பதே மன்றத்தின் நிலைப்பாடாக இருக்கட்டும். அத்தோடு ஒன்று: உள் ரோடு நிலத்தின் பின்னெல்லை வரை போய் முட்ட வேண்டும், நடுவில் துண்டு விடக்கூடாது. ரோட்டின் கடைசியில் ஓரடி நீளத் துண்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பவர் வழி கேட்டு வரும்போது அதை மனை விலையைப்போல் பல மடங்குக்கு விற்பது ஒரு பழைய தந்திரம். அந்த ஓரடியால் முட்டுச்சந்தாகிப் போன தெருக்களைப் புறநகர்களில் எண்ணி மாளாது.

இப்போது உங்கள் நிலம்.

புரோமோட்டர் சொல்வதை அப்படியே மறந்துவிடுங்கள். அனுமதி பெறாமல் மனையாக மாற்றிய நிலத்தின் கிரயத்தைச் சார்பதிவாளர் பதியக் கூடாது என்பது பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு. 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பே மனையாகப் பதிவான இடத்துக்குத்தான் விலக்கு, உங்களுடையது தோட்டம். 2017-இன் வரன்முறை விதிகளும் அதே தேதியைத்தான் கோடாகக் கிழித்தன. அதற்கு முன் பதிவுப் பத்திரம் மூலம் விற்ற மனைகளுக்குத்தான் அந்தச் சலுகை. விண்ணப்பிக்கும் கடைசி நாளை அரசு பலமுறை நீட்டித்ததை வைத்து, இனிமேல் விற்பதற்கும் நீட்டிப்பு வரும் என்று சொல்லி விற்கிறார்கள். நீட்டித்தது மனுப் போடும் தேதியைத்தான், கோட்டை அல்ல. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று தலைவரின் முத்திரையோடு வரும் வரைபடமும், பண்ணை நிலம் என்ற பெயரில் பிரிபடாத பாகமாக எழுதிக் கொடுப்பதும் இதே ரகம். வாங்கியவர் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போது மாட்டுவார், வங்கிக் கடன் கிடைக்காது, கடைசியில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். வார்டு உறுப்பினர் வீட்டு வாசல் வேறு.

70 சென்ட் என்பது 2,833 சதுர மீட்டர். திறந்தவெளி ஒதுக்கீடு, ஓ.எஸ்.ஆர்., 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால்தான் வரும். 10,000 வரை, ரோடு போக மீதியில் 10 சதவீதத்தை இடமாகவோ, இடம் ஒதுக்க முடியாதபோது வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ தர வேண்டும். 10,000-க்கு மேல் இடமாகத்தான். நீங்கள் கோட்டுக்குக் கீழே இருக்கிறீர்கள். கொழுந்தனாரோடு சேர்ந்தால் ஒரு ஏக்கர், 4,047 சதுர மீட்டர், ஓ.எஸ்.ஆர். வந்துவிடும். அதனால் தனியாகப் போடுவதே லாபம் என்று யாரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை.

தனியாக: 100 அடி அகலத்தில் நடுவே 30 அடி ரோடு. மீதி 70, பக்கத்துக்கு 35 அடி ஆழம். ரோட்டுக்குப் போவது 9,150 சதுர அடி, மொத்தத்தில் 30 சதவீதம். விற்கக் கிடைப்பது 21,350. மனைகள் 35 அடி ஆழத்தில் சப்பையாக இருக்கும். மேலே சொன்ன 50 அடி இடைவெளிக்கு வழியே இல்லை.

சேர்ந்து: கொழுந்தனாரின் நிலம் 42 அடி 10 அங்குலம் அகலம் வரும். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 142.8 அடி. நடுவே அதே 30 அடி ரோடு, அதே 9,150 சதுர அடி, ஆனால் இப்போது அது 21 சதவீதம்தான். மீதி 34,400-இல் பத்து சதவீதம் பூங்காவுக்கு 3,440. விற்கக் கிடைப்பது 30,960, அதாவது 71 சதவீதம். நிலத்தின் விகிதத்தில் பிரித்தால் உங்களுக்கு 21,670 சதுர அடி. பூங்காவுக்கு இடம் கொடுத்த பிறகும் தனியாகப் போட்டதைவிட 300 சதுர அடி கூட. கொழுந்தனாருக்கு 9,290. அவர் தனியாகப் போட்டால் 42 அடியில் 30 ரோட்டுக்குப் போக, 12 அடிப் பட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மனையின் ஆழமும் 56 அடி கிடைக்கிறது. முன்பக்கம் உறிஞ்சு குழி, பின்பக்கம் ஆழ்குழாய் என்று வைக்கலாம். பூங்காவை ஒரு பக்கத்தில் 61 அடி நீளத்துக்கு விட்டால், அந்தப் பக்கம் 11, எதிர்ப்பக்கம் 14, ஆக 25 மனைகள், ஒவ்வொன்றும் 1,230 முதல் 1,250 சதுர அடி. முகப்பில் இட்டேரியை அகலப்படுத்த விடும் இடத்தையும், ரோடு திரும்பும் முனைகளில் சாய்வாக வெட்டுவதையும் நான் கழிக்கவில்லை. அதிலும் கொஞ்சம் இடம் போகும்.

பூங்காவை மூலையில், வாய்க்கால் ஓரத்தில், கம்பிக்குக் கீழே ஒளித்து வைக்காதீர்கள். குறைந்தது 10 மீட்டர் அகலம் வேண்டும் என்பது விதி. அதோடு, பூங்காவுக்கு எதிரே இருக்கும் மனைதான் முதலில் விற்கும்.

எட்டு மனை வரைதான் உட்பிரிவு. அதற்கு மேல் போனால் மனைப்பிரிவு, லேஅவுட். ரெராவின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின்) விலக்கும் எட்டு மனை வரை, அல்லது 500 சதுர மீட்டர் வரை. உங்களுக்கு 25 வருவதால் அப்ரூவல் கிடைத்த பிறகு ரெராவில் பதிந்து, அந்த எண்ணைப் போட்டுத்தான் விளம்பரமே செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் விளம்பரம்தான். இந்த ஆண்டு எட்டு, அடுத்த ஆண்டு எட்டு என்று வெட்டி வெட்டிக் கொண்டுபோகலாமே என்று ஒரு யோசனை வரும். வில்லங்கச் சான்றைப் புரட்டினால் மூல நிலம் ஒன்றே என்பது தெரிந்துவிடும். வேண்டாம்.

வேலையைத் தொடங்குவது சர்வேயரிடம். பட்டாவில் 70 சென்ட், பத்திரத்தில் 70, ஆனால் எஃப்.எம்.பி. அளவை வைத்துக் கல் நட்டால் 67 அல்லது 68 வருவது அபூர்வம் அல்ல. குறைவான அளவைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் வரைபடம் போட்டால் ஒரு மனையே காணாமல் போகும். அளக்கும்போது ரோட்டை வரைபடத்தில் 9.00 மீட்டர் என்று துல்லியமாக வைக்காமல் 9.15 என்று வையுங்கள். பிற்பாடு மதில் கட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டினாலும் 9 மீட்டருக்குக் கீழே இறங்காது. 8.9 மீட்டர் ரோடு, மேலே சொன்ன பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் 9 மீட்டர் ரோடு ஆகாது.

கொழுந்தனாரோடு சேர்வதற்கு நிலத்தை ஒரே பெயருக்கு மாற்றத் தேவையில்லை. இருவரும் கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு பதிவு செய்த உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள். எந்த எண் மனைகள் யாருக்கு, ரோடும் பூங்காவும் போட ஆகும் செலவு 70-க்கு 30 என்ற விகிதத்தில், யார் முதலில் விற்றாலும் அடுத்தவர் சம்மதம் தேவையில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பாதை அவர் பக்கம் அதிகம் வந்தது, பூங்கா என் பக்கம் வந்தது என்று பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வருவது வரைபடம் போட்ட பிறகுதான். நல்ல உறவு இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.

பிறகு நில உபயோக மாற்றம், அது முடிந்த பின் மனைப்பிரிவு விண்ணப்பம், இரண்டும் ஒற்றைச் சாளர இணையதளத்தில். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி., மட்ட அளவுகளோடு கூடிய இடவரைபடம், நிலத்துக்கு ஏற்ப நீர்வளத் துறை, வருவாய்த் துறைச் சான்றுகள். மட்ட அளவை அலட்சியம் செய்யாதீர்கள். 305 அடியில் பின்பக்கம் மூன்று அடி பள்ளமாக இருந்தால் மழைநீர் ரோட்டுக்கு வராது, பின்னால் இருப்பவர் தோட்டத்துக்குப் போகும். அந்தத் தோட்டக்காரரின் ஆட்சேபணைதான் கோப்பில் முதலில் வந்து விழும்.

தொழில்நுட்ப ஒப்புதல் வந்ததும் கட்டணம் கட்டி, ரோட்டையும் பூங்காவையும் பேரூராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுப்பீர்கள். அதன் பிறகே இறுதி ஒப்புதலும் எண்ணும். ஒப்புதல் வருவதற்கு முன்பே நல்லெண்ணம் காட்டுகிறேன் என்று தானம் எழுதிவிடாதீர்கள். வரைபடத்தைத் திருத்தச் சொன்னால் எழுதிய பத்திரம் தொண்டையில் மாட்டிய முள். ரெரா எண் கைக்கு வரும் வரை யாரிடமும் முன்பணமும் வாங்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு இப்போதே சென்ட் கணக்கில் எழுதி வைத்தால் செலவு குறையுமே என்று தோன்றும். குறையும்தான். ஆனால் அவர்கள் கையில் இருப்பது தோட்டத்தில் ஒரு துண்டாக இருக்கும், மனையாக இருக்காது. ஒப்புதல் வந்த பின் மனை எண் போட்டு செட்டில்மென்ட் எழுதுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. சதுர அடி வழிகாட்டி மதிப்பு ஏறினாலும் ஒரு பத்திரத்துக்கு 50,000-ஐத் தாண்டாது.

தானம் எழுதிய ரோட்டுக்கும் பூங்காவுக்கும் பட்டா உங்கள் பெயரிலேயே கிடக்கும், யாரும் தானாக மாற்றமாட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் பேரூராட்சி பெயருக்கு மாற்றி, அந்தத் தாளைச் செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உறுப்பினராகவும் இதைக் கேளுங்கள்: உங்கள் பேரூராட்சிக்கு இதுவரை தானமாக வந்த பூங்காக்களில் எத்தனைக்குப் பட்டா பேரூராட்சி பெயரில் இருக்கிறது? மாறாத பட்டாவை வைத்துக்கொண்டு வாரிசுகள் பூங்காவை மறுபடி மனையாக விற்ற வழக்குகள் தமிழ்நாடு முழுக்க நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இட்டேரிப் பட்டியல் கேட்கும் மனுவோடு இந்தப் பட்டியலையும் எழுத்தில் கேட்டு, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.